ஒரு கிழமைத் தண்ணியும் ரெண்டு மாதத் தண்ணியும்

நுளம்பு இட்ட முட்டை பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, கடைசியில் நுளம்பாகப் பறக்க எங்கட வெக்கைக்கு ஏழு தொடக்கம் பத்து நாள் போதும். தவளை முட்டை வாற்பேத்தையாகி, கால் முளைத்து, வால் சுருங்கிக் கரையேற இனத்தைப் பொறுத்து மூன்று கிழமையிலிருந்து இரண்டு மாதம் வரை செல்லும், சிலதுக்கு அதுக்கும் மேல. நுளம்புக்கு ஒரு கிழமைத் தண்ணி காணும். தவளைக்கு ரெண்டு மாதத் தண்ணி வேணும்.

இந்த இரண்டு கணக்குகளையும் வைத்துக்கொண்டு எங்கட வளவுகளின் கடந்த நூறு வருடத்தைப் படித்துப் பார்க்கலாம் என்றுதான் நாங்கள் இதை எழுதத் தொடங்கினோம். வீட்டு வளவுக்குள் சின்னதாக ஒரு குளம் வெட்டி, செடி நட்டு, உள்ளூர்த் தவளைகளைத் தாமாக வந்து சேர விடுகிற யோசனை எங்கட கூட்டத்துக்குள் கொஞ்ச நாளாகவே அடிபடுகிறது. ஆனால் வீட்டில் வாய் திறந்தவுடன் எல்லாருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: “நுளம்பு பெருகும். பேசாமல் இருங்கோ.”

இந்தப் பதிலை அறியாமை என்று தள்ளிவிட எங்களால் முடியவில்லை. அதுக்குப் பின்னால் பெரிய சாவுகள் இருக்கின்றன. ஒரு சட்டம் இருக்கிறது. அதே நேரம், அந்தப் பயம் சரியான தண்ணியைப் பார்த்துத்தான் விரல் நீட்டுதா என்ற கேள்வியும் இருக்கிறது.

தவளைக்காக ஒருவரும் வெட்டவில்லை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும்தான் ஆறு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டுகிற மழையைச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறக்கி வைத்து, பிறகு கிணற்றால் அள்ளிக் குடிக்கிற ஊர் இது. அதனால்தான் இவ்வளவு குளம், இவ்வளவு கேணி, இவ்வளவு துரவு. குளம் ஊருக்குப் பொது. கேணி கல்லால் படி கட்டினது, கோயிலுக்குப் பக்கத்திலும் தெருவோரத்திலும் இருக்கும். துரவு தோட்டத்துக்குள் வெட்டின திறந்த கிடங்கு, பயிருக்குத் தண்ணி எடுக்க. பழைய காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சொத்தோடு சேர்த்து எழுதப்பட்டிருப்பதை எங்களில் பலர் பார்த்திருக்கிறோம். தண்ணி வளவின் ஒரு உறுப்பாக எண்ணப்பட்ட காலம் அது.

இவை எதையும் ஒருவரும் தவளைக்காக வெட்டவில்லை. குளம் வயலுக்கும் மாட்டுக்கும் வெட்டப்பட்டது. மாடு முதுகு உரசுவதற்குக் கேணிக்குப் பக்கத்தில் ஆவுரோஞ்சிக் கல் நட்டார்கள். துலாவால் இறைத்த தண்ணி வாய்க்கால் வழியாக வாழைக்கும் தென்னைக்கும் போனது. கிணத்தடியில் குளித்த தண்ணி அந்த வாழையடியில் ஈரமாகத் தங்கியது. மனிசருக்கும் மாட்டுக்கும் பயிருக்கும் என்று தேக்கின தண்ணிக்குள் தவளையும் தன் பங்கை எடுத்துக்கொண்டது.

அதை எங்கட ஆக்கள் விரும்பித்தான் வைத்திருந்தார்கள் என்று கதை கட்டத் தேவையில்லை. உள்ளீடு பிடிக்காத தேங்காயைத் ‘தேரை மோந்த தேங்காய்’ என்கிறோம். தேரையைக் கண்டால் விளக்குமாறு தேடுகிற வீடுகள் இன்றும் உண்டு. ஆனால் தவளை, தேரை, நுணல் என்று வேறு வேறு பெயர் வைக்கிற அளவுக்கு அவை பக்கத்தில் இருந்தன. தண்ணிக்குள்ளேயே கிடப்பது, சொரசொரப்பான தோலோடு வீட்டு மூலையில் குந்தியிருப்பது, மண்ணுக்குள் புதைந்து கிடந்து மழைக்கு வெளியே வருவது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த மொழி இது.

காய்ச்சல் வந்த தண்ணி

1934 இல் தென்மேல் பருவமழை பிழைத்தது. ஈரவலயத்தின் ஆறுகள் ஓட்டம் குறைந்து, படுக்கையில் வெயில் படும் தெளிந்த குட்டைகளாகத் துண்டு துண்டாகத் தேங்கின. மலேரியாவைக் காவுகிற அனோபிலஸ் நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. வறண்ட வலயத்தில் மலேரியா வழமையான நோய். அங்குள்ள சனத்துக்கு அதை ஓரளவு தாங்கும் சக்தி இருந்தது. கேகாலை, குருநாகல் பக்கச் சனத்துக்கு அது இருக்கவில்லை. 1934 கடைசியிலிருந்து 1935 நடுப்பகுதி வரை ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அப்போது முழு இலங்கையின் சனத்தொகையே ஐம்பது லட்சத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் இருந்தது.

இந்தச் சாவுகள் நாட்டின் அரசியலையும் மாற்றின. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டு போனார்கள். அவர்களில் முன்னுக்கு நின்றவர்கள்தான் 1935 மார்கழியில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். இலங்கையின் இடதுசாரி வரலாற்றைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் கடப்பார்கள். தண்ணியின் வரலாற்றைப் படிக்கிறவர்களும் கடக்கத்தான் வேண்டும். தேங்கின தண்ணியைப் பார்த்தவுடன் காய்ச்சலை நினைக்கிற பழக்கம் அந்த வருடத்தில் நாடு முழுவதற்கும் ஆழமாகப் பதிந்தது.

1946 இல் டி.டி.டி. வந்தது. வீட்டுச் சுவர்களுக்கு அடித்தார்கள். 1963 இல் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளர்கள் வெறும் 17 பேர். வென்றாச்சு என்று கையைத் தளர விட்டதும் 1960களின் கடைசியில் நோயாளர் தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. பிறகு திரும்பப் பல வருடப் போராட்டம், அதுவும் போருக்கு நடுவில். உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 இல் பதிவானார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஊர் ஊராக நடந்து இரத்தம் எடுத்த, மருந்து அடித்த ஊழியர்களின் வெற்றி அது. “குளம் வெட்டாதே” என்று சொல்கிற அம்மம்மாவின் பயத்துக்குள் இந்த வரலாறு முழுக்க இருக்கிறது.

தண்ணி வளவை விட்டுப் போன விதம்

இதே காலத்தில் வளவுக்குள் வேறொரு மாற்றமும் நடந்தது. துலா போய் இறைக்கிற இயந்திரம் வந்தது. தண்ணித் தாங்கி கூரை உயரத்துக்கு ஏறியது. குளிப்பு கிணத்தடியிலிருந்து குளியலறைக்குள் போனது. வாய்க்காலுக்குப் பதிலாகக் குழாய் வந்தது, முற்றத்துக்குச் சீமெந்து போட்டார்கள். கேணிகளும் துரவுகளும் பாவனை குறைந்து தூர்ந்தன. சிலது குப்பையால் நிரம்பியது, சிலது மண் போட்டு மூடப்பட்டு வீடானது. இதுகளில் அநேகமானவை வசதிக்காக நடந்த மாற்றங்கள். கிணற்றில் அள்ளி அள்ளித் தோள் வலித்த பெண்களிடம் போய் துலாக் காலத்தைப் புகழ எங்களுக்கு உரிமையில்லை.

பிறகு போர். வளவுக்குள் கிடங்கு வெட்டுவதுக்கு எங்கட ஊரில் இன்னொரு ஞாபகம் ஒட்டிக்கொண்டது. பங்கர். மாரியில் பங்கருக்குள் தண்ணி நிரம்பும், தவளை கத்தும், செல் விழுகிற சத்தம் கேட்டால் அந்தத் தண்ணிக்குள்ளேதான் இறங்கி நிற்கவேணும் என்று எங்கட அம்மா அப்பாமார் சொல்லுவினம். தவளைச் சத்தம் சிலருக்கு மழையின் ஞாபகம், சிலருக்கு அந்த இரவுகளின் ஞாபகம். வீட்டில் ஒருவர் “கிடங்கு வெட்டவேண்டாம்” என்று சொன்னால், நுளம்பைத் தவிர வேறு காரணமும் இருக்கலாம். கேட்டுப் பாருங்கோ.

இடம்பெயர்ந்த ஊர்களில் கிணறுகளும் கேணிகளும் வருடக்கணக்காகப் பற்றைக்குள் கிடந்தன. திரும்பி வந்த ஆக்கள் வீட்டைத்தான் முதலில் கட்டினார்கள், கட்டத்தானே வேணும். புதிய வளவில் திறந்த தண்ணிக்கு இடம் இருக்கவில்லை.

ஆனால் தண்ணி முழுக்கப் போய்விடவில்லை, வேறு உருவத்தில் திரும்பி வந்தது. யோகட் கப், வீசின ரயர், பீலிக்குள் அடைத்த சருகு, மூடாத பிளாஸ்ரிக் தாங்கி, பூச்சாடித் தட்டு, கட்டி முடியாத வீட்டின் சீமெந்துத் தொட்டி. இவை எல்லாம் கையளவு தண்ணி. மீன் வராது, தும்பிக் குடம்பி தங்காது, தவளையும் முட்டையிட்டுக் குஞ்சைக் கரை சேர்க்க முடியாது. ஒரு கிழமை நிண்டால் போதும் என்கிற உயிர் மட்டும்தான் அதில் பெருகும். டெங்கைக் காவுகிற ஈடிஸ் நுளம்பு அப்படிப்பட்டது. 2017 இல் ஒரே வருடத்தில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள், 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம், நுளம்பு பெருகும் இடம் தன் வளவில் இல்லாமல் பார்க்கிற பொறுப்பைக் குடியிருப்பவர் மேல் போட்டது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்ப்பார், வழக்கும் போடலாம். கிழமைக்கொருக்கா தண்ணியைக் கொட்டிக் காயவை என்பதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். கப்புக்கும் பூச்சாடிக்கும் அது முழுக்கச் சரி. ஆனால் எல்லாத் தண்ணியையும் கிழமைக்கொருக்கா கொட்டினால், கிழமைக்கு மேல் தண்ணி தேவைப்படுகிற எதுவும் வளவில் மிஞ்சாது. நுளம்பைத் தின்கிற தும்பிக்கும் இதே கதிதான்.

நாங்கள் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்: நூறு வருடத்தில் எங்கட வளவுகள் ரெண்டு மாதத் தண்ணியை இழந்து, ஒரு கிழமைத் தண்ணியைச் சேர்த்துக்கொண்டன. பயம் மட்டும் பழைய இடத்திலேயே, குளத்தைப் பார்த்தபடி நிற்கிறது.

எந்தத் தவளைக்கு வளவுக் குளம்?

இலங்கையின் தவளை வரலாறு ஒரு பெரிய இழப்பின் வரலாறும்தான். இந்தத் தீவில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட் 1850களில் இங்குள்ள விலங்குகளை விபரித்து எழுதத் தொடங்கினார். இலண்டனில் இருந்த அல்பேர்ட் குந்தர் அருங்காட்சியகத்துக்கு வந்த போத்தல்களைப் பார்த்துப் பல இனங்களுக்குப் பெயர் வைத்தார். அந்தப் போத்தல்களில் இருக்கிற இனங்களில் ஏறத்தாழ இருபது இப்போது காட்டில் இல்லை. ஒரு சிறிய தீவுக்கு இது உலகிலேயே மிக மோசமான கணக்குகளில் ஒன்று. மலைநாட்டுக் காடு கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் வெட்டப்பட்ட காலத்தோடு இந்த இழப்பைச் சேர்த்துத்தான் படிக்கவேணும். வெட்டக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களைக் காட்டை அழித்தவர்களாகச் சொல்கிற பேச்சை மட்டும் நாங்கள் ஏற்கமாட்டோம். இலாபம் யாருக்குப் போனதோ பொறுப்பும் அவருக்குத்தான்.

நல்ல செய்தியும் உண்டு. 1872 இல் விபரிக்கப்பட்டு, பிறகு ஒருவர் கண்ணிலும் படாமல் அழிந்துபோனதாக அறிவிக்கப்பட்ட கண்டித் தேரை 2009 இல் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது இலங்கையில் ஏறத்தாழ 120 தவளை, தேரை இனங்கள் அறியப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை.

ஆனால் வளவுக் குளம் வெட்டி மலைத் தவளையைக் காப்பாற்றலாம் என்று ஒருவரும் நினைக்கவேண்டாம். அழிந்ததும் அழிகிற நிலையில் இருப்பதுமான மலைநாட்டு மரத்தவளைகளில் பெரும்பாலானவைக்குக் குளமே தேவையில்லை. அவை ஈரமான காட்டு நிலத்தில் அல்லது இலையில் முட்டையிடும். வாற்பேத்தைப் பருவம் இல்லாமல் முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளை வரும். அவைக்குத் தேவை காடு.

எங்கட பக்கத்து வளவுக் குளத்துக்கு வரக்கூடியவை வேறு. தண்ணி மேல் தத்திப் பாய்கிற சின்னத் தவளை. அல்லி இலையில் குந்தியிருக்கிற பெரிய பச்சைத் தவளை, இது வளர்ந்தபின் செடியையும் தின்னும். வறட்சியில் மண்ணுக்குள் போய் மழைக்கு வெளியே வருகிற எருதுத் தவளை. முதுகில் செம்மஞ்சள் திட்டுப் போட்ட வாய் ஒடுங்கின தவளை. குளியலறைச் சுவரில் ஒட்டிக் கிடக்கிற மரத்தவளை, இது தண்ணிக்கு மேலே இலையிலோ சுவரிலோ நுரைக்கூடு கட்டி முட்டையிடும், குஞ்சுகள் கீழே தண்ணிக்குள் விழும். கடைசியாக எல்லாருக்கும் தெரிந்த தேரை.

இவை ‘சும்மா சாதாரணத் தவளைதானே’ என்று கேட்கலாம். சாதாரணமானதும் குறைந்துபோகும். அந்தப் பச்சைத் தவளையும் அதன் பெரிய உறவினமும் தென்னிந்திய வயல்களில் பிடிக்கப்பட்டு, காலை மட்டும் வெட்டி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகின. வயல்களில் தவளை குறையக் குறைய எதிர்ப்பு எழுந்து, 1987 இல் இந்தியா அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்னொரு உதாரணம்: வறண்ட வலயத்தில் பரவலாக இருக்கிற ஒரு சின்னச் சிவப்புத் தவளையை வெகுகாலமாக இந்திய இனத்தின் பெயரால்தான் அழைத்தார்கள். அது இலங்கைக்கே உரிய தனி இனம் என்று 2016 இல்தான் நிறுவப்பட்டது. மிகிந்தலையின் பெயரை வைத்தார்கள். கண்முன்னால் கத்திக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் வரவே அவ்வளவு காலம் பிடித்தது. போர்க்காலத்தில் வடக்கில் இப்படியான கள ஆய்வு செய்வது லேசான காரியமாகவும் இருக்கவில்லை.

தவளைக்கென்றே வெட்டின குளம்

தவளையை நினைத்து வீட்டுத் தோட்டத்தில் குளம் வெட்டுகிற பழக்கம் பெரிதாக வளர்ந்த நாடுகளில் பிரித்தானியாவும் ஒன்று. அங்கேயும் பழைய குளங்கள் மாட்டுக்கும் குதிரைக்கும் வெட்டினவைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விவசாயம் இயந்திரமயமாக, பண்ணைக் குளங்கள் மூடப்பட்டு வயலாகின. சாதாரணத் தவளை குறைகிறது என்ற கவலை 1960களில் எழுந்தது. அதன் பிறகான காலத்தில் நகரத்து வீட்டுத் தோட்டக் குளங்கள்தான் அந்தத் தவளைக்கு முக்கியமான அடைக்கலமாகின. சின்னச் சின்னக் குளங்கள் நிறையச் சேர்ந்தால் ஒரு இனத்துக்கு இடம் கொடுக்கலாம் என்பதுக்கு அது சாட்சி.

அங்கேயிருந்தே ஒரு எச்சரிக்கையும் கிடைக்கிறது. 1980களின் கடைசியிலிருந்து தென்கிழக்கு இங்கிலாந்தின் தோட்டக் குளங்களில் தவளைகள் கூட்டமாகச் சாகத் தொடங்கின. காரணம் ரானாவைரஸ் என்ற கிருமி. ஆக்கள் தவளையையும் முட்டையையும் மீனையும் குளத்துக்குக் குளம் காவிக் கொடுத்தது அது பரவ உதவியது. அன்பில் செய்த வேலைதான். எனவே முதலாவது விதி: தவளையைப் பிடித்துக்கொண்டு வந்து விடக்கூடாது. தண்ணி இருந்தால் அது தானாக வரும். வராவிட்டால் அந்தச் சுற்றாடலில் ஏதோ குறை இருக்கிறது என்று விளங்கும்.

அப்ப எங்கட வளவில எப்பிடி?

முதலில் கூட்டித் துப்பரவாக்குங்கோ. கப், ரயர், சிரட்டை, பீலி, மூடாத தாங்கி எல்லாத்தையும் பார்த்து முடிக்காமல் மண்வெட்டியைத் தூக்கவேண்டாம். ஒரு கிழமைத் தண்ணியை வளவில் வைத்துக்கொண்டு ரெண்டு மாதத் தண்ணிக்கு வாதாட முடியாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முன்கூட்டியே கதையுங்கோ. சட்டம் விளையாட்டில்லை, அவர் எங்களுக்கு எதிரியுமில்லை.

இடம்: கிணற்றிலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் தள்ளி, கோடிப்பக்கத்தில், அரைவாசி நாள் வெயில் படுகிற இடம். வேம்பு, மாவுக்கு நேர் கீழே வேண்டாம், சருகு விழுந்து தண்ணி அழுகும். ஆறடிக்கு எட்டடி காணும். நடுவில் ஒன்றரை, ரெண்டு அடி ஆழம். ஒரு பக்கமாவது மெல்லச் சரிந்து கரையோடு சேரவேண்டும். நேர்ச்சுவர் வைத்தால் குட்டித் தவளை ஏற முடியாமல் செத்துப்போகும். கேணியில் மாடு இறங்கச் சரிவு வைத்த ஆக்களுக்கு இது தெரிந்திருந்தது. சீமெந்துக் கரை கட்டி விளக்குப் போட்டால் குளம் வடிவாக இருக்கும், ஆனால் தவளைக்கு அந்தக் கரையில் ஒதுங்க இடமிருக்காது.

எங்கட செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் தண்ணியைப் பிடித்து வைக்காது. கல், வேர் எடுத்துவிட்டு மணல் பரவி, தடித்த தறப்பாள் இரண்டு மடிப்பு விரித்து, மேலே மண் போடவேண்டும். வெயில் நேராகப் பட்டால் தறப்பாள் வெடிக்கும். குழாய்த் தண்ணியில் குளோரின் இருந்தால் இரண்டு நாள் விட்டுத்தான் செடி வைக்கவேண்டும். மழைத் தண்ணி என்றால் கதையே இல்லை.

செடி: நடுவில் அல்லி, ஓரத்தில் கோரை, கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் நீர்முள்ளியும். எல்லாம் ஊர்க் குளத்தில் இருக்கிறவைதான். கறிக்கும் உதவும். தண்ணி மேல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூட விடவேண்டாம். ஊதாப் பூப் பூக்கிற ஆகாயத்தாமரையைக் கொண்டுவரவே கூடாது. அழகுக்கென்று இந்தத் தீவுக்கு வந்து குளங்களை அடைத்ததால் 1909 இலேயே அதுக்கு எதிராகச் சட்டம் போடவேண்டி வந்தது. பூச்சி மருந்தும் உரமும் குளத்துப் பக்கம் போகக்கூடாது, தவளை தோலாலும் சுவாசிக்கிற பிராணி.

இனி நுளம்பு. மலேரியாக் காலத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த விடை கப்பி மீன். வெளிநாட்டு மீன். அது நுளம்புப் புழுவைத் தின்னும், தவளை முட்டையையும் சின்ன வாற்பேத்தையையும் விடாது. 1950களில் உணவுக்காக வந்த திலாப்பியாவும் சிறு குளத்துக்கு ஆகாது. கட்டாயம் மீன் வேணுமென்றால், நெற்றியில் வெள்ளிப் பொட்டு மாதிரி மினுங்குகிற, மேல்தண்ணியில் திரிகிற உள்ளூர்ச் சிறு மீன் ஒன்றிரண்டு காணும். அதுவும் வாற்பேத்தையைக் கொஞ்சம் தின்னத்தான் செய்யும். தும்பிகள் தாமாக வந்து முட்டையிடும், அவற்றின் குடம்பிகள் நுளம்புப் புழுவைத் தேடித் தின்னும்.

வாற்பேத்தையும் சும்மா இருப்பதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், எங்கட நாட்டுத் தவளை, தேரை இனங்கள் சிலவற்றின் வாற்பேத்தைகள் ஈடிஸ் நுளம்பின் முட்டைகளைத் தின்பதைக் காட்டினார்கள். மத்திய அமெரிக்காவில் இன்னும் பெரிய அளவில் ஒரு விஷயம் தெரிந்தது. கொஸ்டாரிக்காவிலும் பனாமாவிலும் பூஞ்சண நோயால் தவளைகள் அழிந்த இடங்களில், அடுத்து வந்த வருடங்களில் மலேரியா கூடியதாக 2022 இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது. அதுக்காகத் தவளை வந்தால் நுளம்பே இருக்காது என்று நாங்கள் விற்பனைப் பேச்சுப் பேசமாட்டோம். வளர்ந்த தவளை தின்பதில் நுளம்பு ஒரு சின்னப் பங்குதான்.

கவனம் குறையவும் கூடாது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புகிற அனோபிலஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு 2016 கடைசியில் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது கிணற்றிலும் தொட்டியிலும் பெருகும். ஆகவே கிழமைக்கொருக்கா வெள்ளைக் கோப்பையால் ஐந்தாறு இடத்தில் தண்ணி அள்ளிப் பாருங்கோ. தலைகீழாகத் தொங்குகிற புழுவும் நுளம்புதான், மேற்பரப்போடு கிடையாகக் கிடக்கிற புழு அனோபிலஸ். தொடர்ந்து புழு இருந்தால் அந்தக் குளத்தில் எதிரிகள் குடியேறவில்லை என்று அர்த்தம், வடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கவேண்டும். ஆடி, ஆவணியில் தண்ணி வற்றத் தொடங்கினால் குட்டையாக இழுபட விடாமல் முழுக்கக் காயவிடுங்கோ. எங்கட தவளைகள் மாரியைப் பார்த்து வாழப் பழகினவை.

இரண்டாவது பயம் பாம்பு. தவளை இருந்தால் பாம்பு வரும் என்பது பொய்யில்லை. பெரும்பாலும் விஷமில்லாத தண்ணிப் பாம்புதான், ஆனால் நாகமும் தேரையைத் தின்னும். வீட்டு வாசலிலிருந்து தள்ளி வெட்டுவது, சுற்றிவரப் பற்றை வளரவிடாமல் இருப்பது, இரவில் ரோச் இல்லாமல் போகாமல் இருப்பது, இவ்வளவும் கட்டாயம். தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் வேலி இல்லாமல் குளமே வேண்டாம்.

எல்லாருக்கும் வளவு இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். வாடகை அறையிலும் லயத்திலும் இருக்கிறவர்கள் எங்கட கூட்டத்திலேயே இருக்கிறார்கள். வளவு இல்லாதவர்கள் செய்யக்கூடிய வேலை இதைவிடப் பெரியது. உங்கட ஊரில் மூடப்பட்ட கேணி எது, தூர்ந்த துரவு எது, அதில் எப்ப கடைசியாகத் தண்ணி நின்றது என்று வயது போன ஆக்களிடம் கேட்டு எழுதி வையுங்கோ. அதில் ஒன்றைத் தூர்வாரினால் அது நூறு வளவுக் குளத்துக்குச் சமம், நிலத்தடி நீருக்கும் சேர்த்து. ஊர்க்குளத்தைத் திருத்துகிற கூட்டங்களில் ‘ஒரு பக்கக் கரையையாவது மண்ணாக விடுங்கோ’ என்று எழும்பிச் சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்களாக இருக்கலாம்.

எங்களில் இரண்டு வீட்டில் சம்மதம் கிடைத்திருக்கிறது. ஒரு வீட்டில் அம்மம்மாவே இடத்தைக் காட்டினார், முந்தித் துரவு இருந்த மூலையாம். புரட்டாதிக்குள் வெட்டி முடித்தால் மாரி மழை நிரப்பும். ஆர் ஆர் வந்து கத்துகினம் எண்டு தை மாதம் எழுதுறம். நுளம்புக் கணக்கையும் மறைக்காமல் எழுதுறம்.